குர்குமின் நானோ துகள் சரியாக வரவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழை தேடும் வழி

வாயால் விழுங்கும் மருந்து ரத்தத்துக்குப் போய்ச் சேராததற்குக் மஞ்சளில் உள்ள குர்குமினைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். தண்ணீரில் கரையாது. குடலின் பிஹெச்சில் நிலைத்து நிற்காது. கொஞ்சம் உள்ளே போனாலும் குடல் சுவரும் கல்லீரலும் அதைக் குளுக்குரோனைடாகவும் சல்ஃபேட்டாகவும் மாற்றிவிடும். ஃபார்மசி கல்லூரிகளில் பாலிமர் நானோ துகள் பழகுகிறவர்கள் பலரும் இதையே எடுப்பதற்கு இதுதான் காரணம். 2009-இல் வெளியான ஓர் எலி ஆய்வில், மிளகில் உள்ள பைப்பரினோடு சேர்த்துக் கொடுத்த குர்குமினைவிட, பி.எல்.ஜி.ஏ. என்ற பாலிமரின் துகளுக்குள் வைத்துக் கொடுத்த குர்குமின் குறைந்தது 9 மடங்கு அதிகமாக ரத்தத்தில் கிடைத்தது. அந்த எண்ணைப் படித்துவிட்டு ஆசையோடு தொடங்கி, பீக்கரில் மஞ்சள் பொடி மிதப்பதைப் பார்த்துச் சோர்ந்து போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மனதில் வைத்திருக்கும் செய்முறை இது: 50 மி.கி. பி.எல்.ஜி.ஏ., 5 மி.கி. குர்குமின், இரண்டையும் 5 மி.லி. அசிட்டோனில் கரைக்கிறோம். 1 சதவீதம் பி.வி.ஏ. (பாலிவினைல் ஆல்கஹால், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காப்பது) கரைந்த 20 மி.லி. தண்ணீரை மேக்னெட்டிக் ஸ்டிரரில் ஓடவிட்டு, அதில் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். அசிட்டோன் ஆவியாகும்வரை ஃபியூம் ஹூடுக்குள் திறந்து வைக்கிறோம். வெளிச்சம் பட்டால் குர்குமின் சிதையும் என்பதால் பீக்கரை அலுமினியத் தாளால் சுற்றி வைப்பது நல்லது. நீங்கள் எமல்ஷன் முறையில் செய்தாலும் கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

எதையும் மாற்றுவதற்கு முன்னால் இரண்டு பீக்கர் கூடுதலாகப் போடுங்கள். ஒன்றில் பாலிமர் மட்டும், மருந்து கிடையாது. இன்னொன்றில் மருந்து மட்டும், பாலிமர் கிடையாது. அதே அசிட்டோன், அதே பி.வி.ஏ. தண்ணீர். முதலாவதை எல்லோரும் செய்கிறார்கள். இரண்டாவதை அநேகமாக யாரும் செய்வதில்லை. ஆனால் அதுதான் முக்கியம். பாலிமரே இல்லாமலும் குர்குமின் பி.வி.ஏ. தண்ணீரில் நுண்ணிய துகள்களாக மிதந்து நிற்கும், ஒளிச்சிதறலை வைத்துத் துகளின் அளவைச் சொல்லும் டி.எல்.எஸ். கருவியில் வைத்தால் ஓர் அளவும் காட்டும். அந்த அளவு உங்கள் ‘நானோ துகள்’ காட்டும் அளவோடு ஒத்துப்போனால், மருந்து பாலிமருக்குள் போயிருக்கிறதா என்ற கேள்வியே இன்னும் திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஃபார்முலாவை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் வீணாகிற மாதங்களில் பெரும்பங்கு, இந்த ஒரு பீக்கரைப் போடாததால் வீணாகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

அறிகுறி: பீக்கரிலேயே மஞ்சள் திட்டு, ஸ்டிரர் குச்சியில் பிசின்போல ஒட்டல்

இவை இரண்டும் வேறு வேறு கோளாறுகள். தொட்டுப் பார்த்தாலே பிரித்துவிடலாம். குச்சியில் ஒட்டியிருப்பது மெழுகுபோல இழுபட்டால் அது பாலிமர். அசிட்டோன் கரைசல் கெட்டியாக இருந்திருக்கிறது, அல்லது சொட்டு விழுந்த இடத்தில் கலக்கல் போதவில்லை. பாலிமரின் செறிவைப் பாதியாகக் குறையுங்கள். ஊசியின் நுனி சுழலுக்கு அருகே, நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். அசிட்டோன் தண்ணீரில் பரவும் வேகம்தான் துகளின் அளவைத் தீர்மானிக்கிறது. மேலே மிதக்கவிட்டு ஊற்றினால் ஒவ்வொரு சொட்டும் ஒவ்வொரு விதமாகக் கலக்கும்.

மாறாக, பளிச்சென்ற ஆரஞ்சு மஞ்சளில் உதிரியாகப் பொடி தெரிந்தால் அது குர்குமின் படிகம். ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, போலரைசர் உள்ள மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். இரண்டு போலரைசர்களையும் குறுக்காகத் திருப்பியதும் புலம் இருண்டுவிடும். பி.எல்.ஜி.ஏ. படிகமற்ற பாலிமர் என்பதால் அந்த இருட்டில் அது காணாமல் போகும். குர்குமின் படிகங்கள் மட்டும் ஊசி ஊசியாக மின்னும். இரண்டே நிமிட வேலை, ஆனால் எக்ஸ்-ரே டிஃப்ராக்ஷனுக்கு வரிசையில் காத்திருப்பதைவிட அதிகம் சொல்லிக் கொடுக்கும். படிகம் தெரிந்தால் மருந்தின் அளவைக் குறைப்பதுதான் நேர்வழி. 10 சதவீதம் போட்டிருந்தால் 5-க்கு வாருங்கள். அந்த பாலிமர் அவ்வளவுதான் தாங்கும். வற்புறுத்தி உள்ளே தள்ள முடியாது.

அறிகுறி: அளவு பெரிதாக வருகிறது, பி.டி.ஐ. (துகள்களின் அளவு ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறுபடுகிறது என்ற எண்) 0.3-க்கு மேல்

மருந்து போடாத பிளாங்க் பேட்ச் எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பிளாங்க் நல்லபடியாக வந்திருந்தால் வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கும்போது லேசான நீலச் சாயல் தெரியும். மருந்து போட்டதில் மஞ்சள் நிறம் அதை மறைத்துவிடும். பிளாங்க்கும் கெட்டிருந்தால் குற்றவாளி பெரும்பாலும் பி.வி.ஏ.தான். அதைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டுக் கலக்கினால் தெளிவாகத் தெரிந்தாலும் உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஜெல் துணுக்குகள் மிஞ்சும். 80 முதல் 90 டிகிரி வரை சூடாக்கிக் கரைத்து, ஆறவைத்து, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்டிய பிறகே பயன்படுத்த வேண்டும். பி.வி.ஏ. கரைசலை மட்டும் டி.எல்.எஸ்.ஸில் வைத்துப் பாருங்கள். அதிலேயே பெரிய துகள் காட்டினால் விடை கிடைத்துவிட்டது.

டி.எல்.எஸ். எண்ணை வாசிக்கும்போது ஒரு விஷயம் மறக்கக் கூடாது. சிறிய துகள்களில், சிதறும் ஒளியின் அளவு விட்டத்தின் ஆறாம் அடுக்கோடு கூடுகிறது. 10 நானோமீட்டர் துகளைவிட 100 நானோமீட்டர் துகள் சுமார் 10 லட்சம் மடங்கு ஒளியைச் சிதறடிக்கும். ஒரு சில தூசியும் நாலைந்து கட்டிகளும் சராசரியைக் கெடுக்கப் போதும். அதனால் ஒரே ஒரு பெரிய எண்ணைப் பார்த்துவிட்டு ஃபார்முலாவில் கை வைக்காதீர்கள். மூன்று நிமிடம் மெதுவான வேகத்தில் சென்ட்ரிஃபியூஜ் செய்து, மேலே இருப்பதை மறுபடி அளந்து பாருங்கள்.

துகளின் மேற்பரப்பு மின்னூட்டத்தைக் காட்டும் சீட்டா பொட்டென்ஷியல் மைனஸ் 5 மில்லிவோல்ட் என்று வந்தால் பதற வேண்டாம். பி.வி.ஏ. துகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு மின்னூட்டத்தை மறைக்கிறது. எத்தனை முறை கழுவினாலும் ஒரு பங்கு போகாது. இந்தத் துகள்களைப் பிரித்து வைத்திருப்பது அந்த பி.வி.ஏ. படலம்; பிளஸ் 30-க்கு மேலோ மைனஸ் 30-க்குக் கீழோ இருந்தால்தான் துகள் கட்டியாகாது என்ற விதி இங்கே பொருந்தாது.

அறிகுறி: என்ட்ராப்மென்ட் (போட்ட மருந்தில் துகளுக்குள் போன பங்கு) 98 சதவீதம்

இதை யாரும் பிழையாகப் பார்ப்பதில்லை. நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

வழக்கமாக என்ன செய்கிறோம்? மொத்தத்தையும் வேகமாகச் சென்ட்ரிஃபியூஜ் செய்கிறோம். மேல்நீரில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று 425 நானோமீட்டருக்கு அருகில் அளக்கிறோம். போட்டதிலிருந்து அதைக் கழிக்கிறோம். மிச்சமெல்லாம் துகளுக்குள் என்று எழுதுகிறோம். தண்ணீரில் கரையும் மருந்துக்கு இந்தக் கணக்கு சரி. குர்குமின் தண்ணீரில் கரையவே கரையாதே! துகளுக்குள் போகாத மருந்தும் படிகமாகி, துகளோடு சேர்ந்து அடியில்தான் உட்காரும். மேல்நீர் எப்போதும் வெளிறித்தான் இருக்கும். பாலிமர் இல்லாத அந்த இரண்டாவது பீக்கருக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். அதற்கும் 95-க்கு மேல் ‘என்ட்ராப்மென்ட்’ வந்தால், உங்கள் முறை எதையும் அளக்கவில்லை.

சரியான வழி இரண்டு படிகளில் பிரிப்பது. முதலில் 500 முதல் 1000 ஜி (புவியீர்ப்பைப்போல அத்தனை மடங்கு) வேகத்தில் சில நிமிடம். குர்குமின் படிகங்கள் கனமானவை, இதிலேயே விழுந்துவிடும். குழாயைச் சாய்த்துப் பார்த்தால் அடி மூலையில் அடர்ந்த ஆரஞ்சு நிறத்தில் ஒரு சிறிய பொட்டு தெரியும். அதன் மேலே இருக்கும் திரவம் வெளிர் மஞ்சளாக, பால்போலக் கலங்கி நிற்கும். அந்தப் பொட்டுதான் உள்ளே போகாத மருந்து. மேலே உள்ளதை வேறு குழாய்க்கு மாற்றி, 15,000 முதல் 20,000 ஜி வேகத்தில் அரை மணி நேரம் சுற்றினால் துகள்கள் படியும். இப்போது மூன்று பங்குகள் கையில் இருக்கின்றன: ஆரஞ்சுப் பொட்டு, துகள் படிவு, மேல்நீர். மூன்றையும் தனித்தனியாக அசிட்டோநைட்ரைலில் கரைத்து அளந்து கூட்டுங்கள். கூட்டுத்தொகை நீங்கள் போட்ட 5 மி.கி.க்குப் பக்கத்தில் வர வேண்டும். வராவிட்டால் மருந்து எங்கோ சிதைந்திருக்கிறது, அல்லது பீக்கர் சுவரிலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டியிருக்கிறது.

இந்தக் கணக்கில் 98 என்பது 60 ஆகிவிடலாம். வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த 60 உண்மையானது, அதன் மேல்தான் அடுத்த வேலையைக் கட்ட முடியும்.

இன்னொன்று: கடையில் வாங்கும் குர்குமின் ஒரே பொருள் இல்லை. டிமெதாக்ஸி, பிஸ்டிமெதாக்ஸி என்ற இரண்டு உறவினர்களும் அதில் கலந்திருக்கும். யு.வி. கருவி மூன்றையும் சேர்த்தே காட்டும். கலவையைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில்தான் பிரியும். முதல் நாளிலேயே எதை அளக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்து, கடைசிவரை அதையே அளங்கள்.

அறிகுறி: கழுவிய பிறகு, அல்லது உலர்த்திய பிறகு, துகள் மறுபடி பிரிவதில்லை

அதிக வேகத்தில் அதிக நேரம் அழுத்திவிட்டால் படிவு கேக் ஆகிவிடும். வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். இல்லையென்றால் அல்ட்ராஃபில்ட்ரேஷனுக்கு மாறுங்கள். ஃப்ரீஸ் டிரையரில் போடும்போது 5 சதவீதம் டிரெஹலோஸ் அல்லது சுக்ரோஸ் சேர்க்க வேண்டும். மேனிடால் தனியாக வேண்டாம், அது உறையும்போது படிகமாகித் துகள்களை ஒன்றோடொன்று நெருக்கிவிடும். உலர்ந்ததைக் குளிர்சாதனப் பெட்டியில், ஈரம் படாமல் வையுங்கள். தண்ணீரிலேயே மாதக்கணக்கில் வைத்தால் பி.எல்.ஜி.ஏ. மெல்ல உடைந்துகொண்டே இருக்கும்.

அறிகுறி: தண்ணீரில் நன்றாக இருந்தது, இரைப்பை அமிலத்தில் கட்டியாகிறது

பி.எல்.ஜி.ஏ.வின் நுனியில் உள்ள கார்பாக்ஸில் குழுக்களால்தான் அதற்கு எதிர் மின்னூட்டம். பிஹெச் 1.2-இல் அந்த மின்னூட்டம் போய்விடும். மின்னூட்டத்தை மட்டும் நம்பியிருக்கும் துகள் அங்கே கட்டியாகிவிடும், பி.வி.ஏ. அல்லது போலாக்ஸமர் படலம் போர்த்திய துகள் தப்பிக்கும். நன்றாகக் கழுவ வேண்டும் என்ற ஆர்வத்தில் அந்தப் படலத்தையே கழுவிவிடுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் வரும்.

1 மி.லி. துகள் திரவத்தை 9 மி.லி. செயற்கை இரைப்பை நீரில் 37 டிகிரியில் விட்டு, தொடக்கத்திலும் அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி நேரத்திலும் அளவெடுங்கள். துகள் போடாத வெறும் இரைப்பை நீரையும் குடல் நீரையும் அளக்க மறக்காதீர்கள். பெப்சினும் பித்த உப்பு மைசெல்களும் தாங்களே டி.எல்.எஸ்.ஸில் சிகரம் காட்டும். அதைப் பார்த்துத் துகள் உடைந்துவிட்டது என்று முடிவு கட்டுவது எளிது.

நேர் மின்னூட்டமுள்ள கைட்டோசான் என்ற பாலிமரைத் துகள்மேல் பூசியிருந்தால் சிக்கல் அமிலத்தில் வராது, அதற்கு அடுத்த கட்டத்தில் வரும். கைட்டோசானின் பிகேஏ (அதன் மின்னூட்டம் பாதியாகும் பிஹெச்) சுமார் 6.5. சிறுகுடலில் கீழே போகப் போக பிஹெச் அதைத் தாண்டுகிறது. மின்னூட்டம் குறைந்து பூச்சு சுருங்குகிறது, துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. பிஹெச் 5 தண்ணீரில் அளந்த பிளஸ் 30 சீட்டா பொட்டென்ஷியலை வைத்துக்கொண்டு, சளிப்படலத்தில் ஒட்டும், இறுக்கமான செல் இணைப்புகளைத் திறக்கும் என்றெல்லாம் எழுதுவதற்கு முன்னால் பிஹெச் 6.8-இல் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

அறிகுறி: ரிலீஸ் (துகளிலிருந்து மருந்து வெளியே வருவது) 40 சதவீதத்தில் நின்றுவிட்டது

குர்குமினுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. சீரம் சேர்க்காத, பிஹெச் 7.2 பாஸ்பேட் பஃபரில், 37 டிகிரியில், அரை மணி நேரத்தில் குர்குமினில் சுமார் 90 சதவீதம் சிதைந்துவிடுகிறது என்பது 1990-களிலேயே பதிவான விஷயம். நீங்கள் 48 மணி நேரம் ரிலீஸ் பார்க்கிறீர்கள். வெளியே வரும் மருந்து வந்த வேகத்திலேயே அழிந்துகொண்டிருக்கும். கருவி காட்டும் 40 என்பது வந்ததும் போனதும் கழிந்த மிச்சம். அதே பஃபரில், அதே நேரத்துக்கு, தெரிந்த அளவு குர்குமினை மட்டும் போட்டு ஒரு குழாய் வையுங்கள். எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று அது சொல்லிவிடும். அப்புறம், பரிசோதனை முடிந்ததும் துகள்களைப் போட்டு வைத்த டயாலிசிஸ் பைக்குள் மிஞ்சியிருப்பதையும் கரைத்து அளங்கள். பை மஞ்சளாகச் சாயமேறியிருந்தால், அதில் ஒட்டிய மருந்தையும் மெத்தனாலில் ஊறவைத்து எடுத்துக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கரைதிறன் அடுத்த சிக்கல். வெறும் பஃபரில் குர்குமின் கரைய இடமே இல்லை என்றால் வெளியே வருவது எப்படி? அது கரைய உதவும் பாலிசார்பேட் 80-ஐ 0.5 சதவீதம் சேர்ப்பது வழக்கம். வெளிநீரின் கொள்ளளவு, மருந்து முழுவதும் கரையத் தேவைப்படுவதைப்போலக் குறைந்தது மூன்று மடங்காவது இருக்கட்டும். முதலில் கரைதிறனை அளந்துவிட்டுப் பிறகு எவ்வளவு துகள் போடுவது என்று தீர்மானியுங்கள்.

இதற்கு நேர் எதிரான அறிகுறியும் உண்டு: ரிலீஸ் வளைகோடு 24 மணி நேரத்துக்கு அழகாக, சீராக ஏறுகிறது. பைக்குள் துகளுக்குப் பதில் கரைந்த மருந்தை வைத்து ஒருமுறை ஓட்டுங்கள். அதுவும் வெளியே வரப் பத்து மணி நேரம் எடுத்தால், நீங்கள் வரைந்தது பையின் வேகம். துகளின் வேகம் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

அறிகுறி: செல்லுக்குள் துகள் பளிச்சென்று தெரிகிறது, ஆனால் மறுபக்கம் மருந்து வரவில்லை

கூமரின்-6 போன்ற சாயம் போட்டிருந்தால், படத்தில் ஒளிர்வது துகளா, துகளிலிருந்து கசிந்த சாயமா? கொழுப்பை விரும்பும் சாயம் துகளை விட்டு நேராகச் செல் சவ்வுக்குத் தாவிவிடும். துகளைச் சுற்றிவிட்டு மேல்நீரை மட்டும் செல்களுக்குக் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் ஒளிர்ந்தால் அந்தப் படங்களை ஆதாரமாக வைக்க முடியாது. குர்குமின் தானே ஒளிரும் என்பதால் இங்கே குழப்பம் இரட்டிப்பு.

இன்னும் இரண்டு விஷயம். குடல் சுவருக்கு மாதிரியாக வைக்கும் காகோ-2 செல்களை 21 நாள் வளர்க்கும் டிரான்ஸ்வெல் கிண்ணத்தின் சவ்வில் உள்ள துளை 0.4 மைக்ரானாக இருந்தால், 200 நானோமீட்டர் துகள் அந்தச் சவ்விலேயே சிக்கிக்கொள்ளக்கூடும். செல் இல்லாத வெறும் சவ்வில் முதலில் விட்டுப் பாருங்கள். அதோடு, காகோ-2 சளியைச் சுரக்காது. உண்மையான குடலில் துகள் முதலில் சந்திப்பது சளியைத்தான். சளி சுரக்கும் எச்.டி.29-எம்.டி.எக்ஸ். செல்களைக் கலந்து வளர்ப்பது அதற்காகத்தான்.

அறிகுறி: எலியில் ஏ.யு.சி. (ரத்தத்தில் மொத்தம் எவ்வளவு மருந்து கிடைத்தது என்று காட்டும் வளைகோட்டுப் பரப்பு) கூடவே இல்லை, அல்லது நம்ப முடியாத அளவு கூடியிருக்கிறது

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி, உயிர்களைப் பயன்படுத்திச் செய்கிற பரிசோதனை இது. மேலே சொன்ன எதையும் சரிபார்க்காமல் இந்தக் கட்டத்துக்கு வராதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதல் கேள்வி: பிளாஸ்மாவில் எதை அளந்தீர்கள்? குளுக்குரோனிடேஸ் நொதி சேர்த்து அளந்தால் மாற்றமடைந்த குர்குமினும் மறுபடி குர்குமினாகி எண்ணில் சேரும். சேர்க்காமல் அளந்தால் மாற்றமடையாதது மட்டும் வரும். இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். உங்கள் மொத்தத்தை இன்னொருவரின் மாறாத குர்குமினோடு ஒப்பிட்டால் வருகிற ‘மடங்கு’ எதையும் சொல்லாது.

இரண்டாவது கேள்வி வகுக்கும் எண்ணைப் பற்றியது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியிலிருந்து 1998-இல் வந்த புகழ்பெற்ற ஆய்வில், பைப்பரின் சேர்த்ததால் குர்குமின் கிடைப்பது எலிகளில் 154 சதவீதம் கூடியது, மனிதர்களில் 2000 சதவீதம் கூடியது. 20 மி.கி. பைப்பரினோடு 2 கிராம் குர்குமின் மனிதர்களுக்குக் கொடுக்கப்பட்டது. குர்குமினை மட்டும் கொடுத்தபோது அவர்களின் ரத்தத்தில் இருந்தது கண்டுபிடிக்கவே முடியாத அளவு அல்லது மிக மிகச் சொற்பம். சுழியத்துக்குப் பக்கத்திலுள்ள எண்ணால் வகுத்தால் எதுவும் பெரிதாகத்தான் வரும். அதனால் மடங்கோடு சேர்த்து, மி.லி.க்கு எத்தனை நானோகிராம் என்ற எண்ணையும் எப்போதும் எழுதுங்கள்.

மூன்றாவது, ஒப்பீட்டுக் குழு. மருந்து மட்டும், மருந்துள்ள துகள் என்று இரண்டு குழு போதாது. பிளாங்க் துகளையும் குர்குமினையும் வெறுமனே கலந்து கொடுக்கும் மூன்றாவது குழு தேவை. அதிலும் ஏ.யு.சி. கூடினால், வேலை செய்வது பி.வி.ஏ.வும் கூடச் சேர்த்த மற்றப் பொருட்களும்தான். முழுத் துகள்கள் குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குப் போகின்றன என்று எழுதும் ஆசை எல்லோருக்கும் வரும். முழுதாகத் தாண்டும் பங்கு சிறியது. பெரும்பாலும் நடப்பது, துகள் மருந்தைச் சிதையாமல் காத்து, குடல் சுவருக்கு அருகில் கரைந்த நிலையில் விடுவது. அதுவே பெரிய உதவிதான்.

கடைசியாக, டோஸ் கணக்கு. ஏ.யு.சி. கூடாததற்கு மிக அடிக்கடி காரணமாக இருப்பது இதுதான், மிகக் குறைவாகப் பார்க்கப்படுவதும் இதுதான். 250 கிராம் எலிக்குக் கிலோவுக்கு 100 மி.கி. என்றால் 25 மி.கி. குர்குமின். லோடிங் (துகளின் எடையில் மருந்தின் பங்கு) 8 சதவீதம் என்றால் அதற்கு 312 மி.கி. துகள் வேண்டும். கிலோவுக்கு 10 மி.லி. என்ற கொள்ளளவில் அதை 2.5 மி.லி.க்குள் அடக்க வேண்டும், மி.லி.க்கு 125 மி.கி. கூழ் மாதிரி இருக்கும். பீக்கரில் மி.லி.க்கு இரண்டரை மி.கி. என்ற அளவில் அழகாகப் பிரிந்து நின்ற துகள், இந்தச் செறிவில் ஊசிக்குள்ளேயே கட்டியாகிறது. கொடுக்கப் போகும் அதே செறிவில் தயாரித்து, பிறகு நீர்த்து, அளவு மாறியிருக்கிறதா என்று முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். மாறியிருந்தால் டோஸைக் குறைப்பதுதான் வழி.

இதே கணக்கை மனிதருக்கும் போட்டுப் பாருங்கள். 500 மி.கி. குர்குமினுக்கு 6 கிராமுக்கு மேல் துகள் வேண்டும். பெரிய கேப்சூல்களிலேயே ஒரு வேளைக்குக் கைநிறைய விழுங்க வேண்டியிருக்கும். உறுப்பு மாற்றியவர்களுக்குக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மாதிரி 5 மி.கி. கேப்சூலாக வரும் மருந்துக்கு, இதே 8 சதவீத லோடிங்கில் 63 மி.கி. துகள் போதும். குர்குமினில் கை பழகியதும் அடுத்து எந்த மருந்தை எடுப்பது என்று கேட்கிறவர்களுக்கு, அந்த மாதிரி டோஸ் சிறிய மருந்தாகப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.